பன்னிரு சக்கர வேந்தன் பஞ்சர் ஒட்டிய படலம்

வாழி குணசீலன்! சங்ககிரி மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரமெல்லாம் தன் ஹாரன் முழக்கத்தால் ஆண்டவன் வாழி! நாக்பூர் வரைக்கும் டீசல் புகையால் கொடி நாட்டியவன், சுங்கச் சாவடிதோறும் கப்பம் கட்டியும் மீசையைத் தாழ்த்தாதவன், பின்பக்கம் மண் தூவியபடி மலையேறிய பன்னிரண்டு சக்கர லாரிக்கு ஒருகாலத்தில் ஒரே உரிமையாளன் வாழி! கலைமகளே, நீ என் நாவில் வந்து அமர வேண்டாம்; இந்த வேலை உன் தகுதிக்குக் குறைவு. பஞ்சர்க் கடைத் தொட்டித் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் காற்றே, நீ வந்து துணை நில். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாருக்குள்ளும் நிறைந்திருப்பது நீதான்.

சங்ககிரியில் பிறந்தவர்களுக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே சக்கரக் கணக்குத் தெரிந்துவிடும். பதினாறு சக்கரத்தான் பன்னிரண்டு சக்கரத்தானைக் கண்டால் பல் குத்தியபடி பேசுவான். பன்னிரண்டு சக்கரத்தானோ பத்தைக் கண்டால் பாதிக் கண்ணை மட்டும் திறப்பான். பத்து ஆறை ஒருமையில் அழைக்கும். ஆறு நாலைச் சாலையோரம் ஒதுக்கும். நாலு மூன்றைப் பார்த்து எச்சில் துப்பும். ஆட்டோக்காரன் மொபெட்டைக் கண்டு முணுமுணுப்பான். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். தாம் உயரத்தில்தான் நிற்கிறோமா என்று இவர்களுக்கு உள்ளூர ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளக் கீழே யாராவது ஒருவன் நின்றாக வேண்டும். சக்கரம் இல்லாத ஊர்களில் இதற்குப் படிப்பையும் தோல் நிறத்தையும் பிறந்த தெருவையும் வைத்துக்கொள்கிறார்கள். சங்ககிரியில் டயர் மலிவு.

இப்பேர்ப்பட்ட சக்கர நெறியில் பன்னிரண்டாம் படியில் கால் மேல் கால் போட்டு வீற்றிருந்த நம் தலைவனுக்குப் போன தை மாதம் ஒரு சோதனை வந்தது. லோடு கிடைக்காமல் ஷெட்டிலேயே நின்று நின்று துருவேறிய லாரி, வேறொருவன் கைக்குப் போயிற்று. “வயசாச்சுங்க, நார்த்துக்கு ஓட முடியறதில்லீங்க” என்று ஊர் வாயை அடைத்துவிட்டு, நாலே சக்கரமுள்ள குட்டி யானை என்னும் சிறு சரக்கு வண்டியொன்றை வாங்கி ஓட்டலானான். ஆயினும் பைபாஸ் டீக்கடையில் கூடும் லாரிக்காரர்கள் அவனை இன்னமும் ‘ஓனர்’ என்றே அழைத்தார்கள். அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிஞ்சிய கோட்டை. அதுவும் போனால் நாளை முதல் ‘குட்டி யானைக்காரன்’ ஆகிவிடுவோம் என்ற பயத்தில் அவன் சரியாகத் தூங்குவதில்லை.

விதி கொடியது! அந்த டீக்கடைக்கு நேர் எதிரே, ஓனர் என்று அழைக்கும் அத்தனை வாய்களும் வடை மென்றுகொண்டிருந்த காலை வேளையில், கூர்வாய் ஆணியொன்று குட்டி யானையின் பின்னங்காலில் பாய்ந்தது. யானை சரிந்தது. வேந்தன் இறங்கினான், ஜாக்கி என்னும் ஆயுதம் எடுத்தான், நெற்றி வியர்வை நிலத்தில் சிந்தச் சக்கரத்தைக் கழற்றினான், கேடயம்போல் உருட்டிக்கொண்டு தோமினிக்கின் பஞ்சர்க் கடையை நோக்கி நடந்தான். தோமினிக் சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர். காலையில் கம்ப்ரசர் சுவிட்சைப் போடும் முன் சிலுவை போட்டுக்கொள்ளும் வழக்கமுள்ளவர். அந்தக் கடையில் ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கழற்றிய சக்கரத்தைச் சுவரோரம் சாத்தி வைத்தால் போதும், சக்கரமே வரிசையில் நிற்கும்.

அங்கே, அந்தோ, முதலிடத்தில் சாய்ந்திருந்தது ஒரு மொபெட் சக்கரம்! அதன் உடைமையாளர் பொன்னாத்தாள், லாரிப் பட்டறைகளுக்கெல்லாம் தயிர் ஊற்றும் தளராத தோளினள், தயிர் நிறைந்த இரு தூக்குப் போசிகள் இருபுறமும் காவல் நிற்கக் கல்லின்மேல் அமர்ந்திருந்தாள். தலைவன் திரும்பிப் பார்த்தான். சாலைக்கு அப்பால் டீக்கடை முழுவதும் அவனையே பார்த்தது. இரண்டுக்குப் பின்னால் நாலு நின்றால் நாளைக்குப் பேர் போய்விடும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

அதனால் முழங்கினான்: “ஏனுங்க தோமினிக்கு! பன்னெண்டு சக்கரம் ஆண்ட கைங்க இது! தயிர் வண்டிக்குப் பொறகால நிக்கவா இந்தக் கை பொறந்துச்சு? நாயத்தச் சொல்லுங்க!”

பொன்னாத்தாள் எழவுமில்லை, குரலைக் குறைக்கவுமில்லை: “கை எத்தன சக்கரத்த ஆண்டா எனக்கென்னங்க? தயிரு புளிச்சுப் போச்சுன்னா அந்தக் கை வந்து வாங்கிக்குமா? நானுங்க மொதல்ல!”

மூண்டது போர். குணசீலன் தன் சக்கரத்தை உருட்டி மொபெட் சக்கரத்துக்கு முன்னே நாட்டினான். பொன்னாத்தாள் இருந்த இடத்திலிருந்தே கால் நீட்டி, கொலுசு கலீரென, அதைப் பின்னே தள்ளினாள். அவன் மறுபடி நாட்டினான். அவள் மறுபடி தள்ளினாள். சினம் தலைக்கேறிய வேந்தன் இம்முறை தன் முழு உடலையும் கொடுத்து உந்த, பெருஞ்சக்கரம் சிறுசக்கரத்தின் மேல் சாய, சிறுசக்கரம் புறமுதுகிட்டு உருண்டோடித் தண்ணீர்த் தொட்டியில் விழ, தொட்டி நீர் எழுந்து தோமினிக்கின் முகம் கழுவியது. வேறொரு டியூபில் ஓட்டை தேடிக்கொண்டிருந்த அவர் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மாதாவே! சண்டய முடிச்சுட்டுச் சொல்லுங்க, அப்பறம் டயரத் தொடறேன்” என்றார்.

அந்நேரம் பூமி அதிர்ந்தது. புழுதி எழுந்தது. பதினாறு சக்கரங்கள் மேல் பள்ளிபாளையத்து மதியழகன் வந்து இறங்காமலே அமர்ந்திருந்தான். அவனுடைய கிளீனர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டான். அறம் கேட்ட அந்த நாக்கு எங்கே போனது? நியாயம் கேட்ட அந்தக் கை என்ன செய்தது? ஒரு கையால் தன் சக்கரத்தையும் மறுகையால் தொட்டியில் கிடந்த பொன்னாத்தாளின் சக்கரத்தையும் பின்னுக்கு இழுத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தது. “வாங்க வாங்க, நீங்க மொதல்லீங்க!” என்று பல்லை வேறு காட்டினான், நம் அடங்காச் சிங்கம்.

மதியழகன் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். “அட, குணசீலனா! லாரிய வித்ததுக்கப்பறம் ஆளையே காணமுங்க. அங்க நிக்கற கட்டெறும்பு உங்களுதுங்களா? பரவால்ல, பொழப்பு ஓடுதில்ல!” சாலை கடந்து டீக்கடை வரை கேட்கும் குரல் அது. டீக்கடையில் யாரோ சிரித்து, சிரிப்பை வடையோடு விழுங்கினார்கள்.

இந்த வேல்வீச்சைத் தலைவன் எப்படியோ தாங்கினான். மேலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள அவன் பழகியவன்தான். அவனைச் சாய்த்தது அடுத்து வந்த அம்பு. பொன்னாத்தாள் எழுந்தாள். ஈரம் சொட்டும் தன் சக்கரத்தை ஒதுக்கிவிட்டு, குட்டி யானையின் சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டி, தனக்கு முன்னால் வைத்தாள்.

“பாவமுங்க சாமி நீங்க. எனக்கு முந்தியே போட்டுக்குங்க. வாழ்ந்து கெட்டவங்களோட நான் என்னத்தப் போட்டி போடறது?”

எதற்காகப் போரிட்டானோ அது கிடைத்துவிட்டது. இரண்டுக்கு முன்னால் நாலு நின்றது. ஆனால் தயிர் விற்பவள் தன்னைப் பார்த்துப் பாவப்பட்டாள் என்பதை அவனால் செரிக்க முடியவில்லை. அவள் முகத்தில் இரக்கம் இருந்தது உண்மை. அதற்கடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. தலைவன் தனக்குக் கீழே பூமியில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று நாலா திசையும் தேடினான்.

இருந்தான்! கீரைக்கட்டுகள் கட்டிய பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரங்கன் என்பவன் வந்துகொண்டிருந்தான். முன் டயரில் காற்றில்லை. செத்த வேந்தன் உயிர்த்தெழுந்தான்.

“ஏப்பா! சைக்கிளெல்லாம் பொறகால! இங்க வரிச இருக்கறது கண்ணுக்குத் தெரியல?”

“ஆமாங்க சாமி, நல்லாச் சொல்லுங்க!” என்று பொன்னாத்தாள் அவனருகே வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். “காலைல இருந்து நாங்க என்ன சும்மாவா நிக்கறம்? ரெண்டு வளையத்தத் தள்ளீட்டு வந்துட்டான்!”

ஆகா, என்னே அந்தச் சமாதானம்! சற்றுமுன் டயரோடு டயர் மோதியவர்கள், இப்போது மூன்றாமவன் தலைக்கு மேலே கை கோத்துக்கொண்டார்கள். உடன்படிக்கைக்கு ஓலை வேண்டியிருக்கவில்லை, சாட்சி வேண்டியிருக்கவில்லை. மட்டம் தட்ட ஒரு கீரைக்காரன் போதுமாக இருந்தான்.

“வரிச எனக்கு வேண்டாமுங்க. கைப்பம்பு குடுத்தாக் காத்தடிச்சுக்கறேன்” என்றான் ரங்கன். தோமினிக் பம்பை நீட்டினார். அவன் காற்றடித்தான், ஏறினான், மணியடித்தான், எதிரே நடந்து வந்த ஒருவனைப் பார்த்து “ஓரமாப் போய்யா, நடந்து வாரவனுக்கெல்லாம் நடு ரோடா?” என்று கத்திவிட்டு மிதித்துப் போனான். பதினாறு சக்கரத்தான் டயரைத் தோமினிக் இன்னும் பிரித்தபாடில்லை. வெயில் ஏறியது. தயிர் புளித்துக்கொண்டிருந்தது.

வெற்றிக்களத்தைக் கடந்து, தலை நிமிர்ந்து, மார்பு விம்ம, புழுதியே பொற்கம்பளமாக, ஓனர் என்னும் ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொள்ளக் காது இரண்டையும் திறந்து வைத்தபடி, பன்னிரு சக்கர வேந்தன் சாலையைக் கடந்து டீக்கடைப் பந்தலுக்குள் புகுந்தான். டீ மாஸ்டர் பாலை ஆற்றியபடியே ஏறிட்டுப் பார்த்து, “குட்டி யானைக்காரருக்குச் சர்க்கர எப்படிங்க?” என்று கேட்டார்.

குணசீலன் கம்மியாகப் போடச் சொன்னான்.