நின்றுகொண்டே ஓய்வெடுக்கும் மக்கள்

சும்மா உட்கார்ந்து அடுத்தவரைப் பார்ப்பதற்கு ‘உற்றுநோக்கல் ஆய்வு’ என்று பெயர் சூட்டிச் சம்பளமும் கொடுத்த நாளில்தான் மனித நாகரிகம் முழுமை அடைந்தது. கோலாலம்பூரில் அந்தப் பெருமை எங்கள் ‘பொழுதுபோக்கு வெளிகள் ஆய்வு மைய’த்தைச் சேரும். இயக்குநர் டாக்டர் சந்திரகலா என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அனுப்பினார்.

அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பூங்கா. அதில் ஒரே மரம். மரத்தடியில் ஒரு கல்மேசை, எதிரெதிரே இரண்டு கல் இருக்கைகள். மக்கள் அவற்றைப் பயன்படுத்தினால் இருக்கட்டும், இல்லையென்றால் பெயர்த்துவிட்டுப் பூந்தொட்டி வைக்கலாம் என்பது மேலிடத்தின் முடிவு. மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துச் சொல்வது என் கடமை.

“நீ ஒரு சுவர். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையிடக் கூடாது. சுவர் பேசுமா?” என்றார் டாக்டர்.

பேசாது. ஆனால் சுவருக்கும் வெயில் அடிக்கும் அல்லவா? நிழலில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். சந்தேகம் வராமலிருக்க ஒரு தடித்த ருஷ்ய மொழிபெயர்ப்பு நாவலை மேசைமேல் விரித்துக்கொண்டேன். அதில் பனி கொட்டியது. யாரோ யாரையோ ரயில் நிலையத்தில் பிரிந்தார்கள். ஆய்வாளன் என்றாலும் கண் கலங்கத்தானே செய்யும்?

மாலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கன்னையா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், முட்டியில் அறுவை சிகிச்சை ஆனவர். மற்றவர் ராதாகிருஷ்ணன், போர்ட் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர். கையில் ஒரு பை நிறைய பாட்டில் மூடிகள். என் நாவலுக்கு அடியில் மேசையில் ‘டாம்’ என்னும் காய் நகர்த்தும் ஆட்டத்துக்கான கட்டம் செதுக்கியிருந்தது, மூடிகள்தான் காய்கள். இருவரும் என்னைப் பார்த்துத் தயங்கி, தள்ளி வெயிலில் நின்றார்கள்.

“எந்திரிக்கச் சொல்லுங்கண்ணே,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“சும்மா இரு லா. கண்ணெல்லாம் செவந்திருக்கு பாரு. பொண்ணு விட்டுட்டுப் போயிருக்கும்.”

“அதுக்கு? எதுத்தாப்ல ஒரு சீட்டு காலியாத்தான இருக்கு?”

“அழுவுற பையன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து என்னத்த ஆடறது? ஒனக்கென்ன அவசரம், நேத்தும் தோத்தவன்தான நீ.”

“தோத்தேனா? காத்துல மூடி நவுந்துடுச்சிண்ணே!”

இருட்டும்வரை அப்படியே நின்று பேசிவிட்டுப் போனார்கள். ‘மக்கள் நின்றார்கள்’ என்று எழுதிக்கொண்டேன். மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாளும். கன்னையா மட்டும் அவ்வப்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உதறினார். ‘மரங்களின்மீது பற்று’ என்று தனியாகக் குறித்தேன்.

வாயிலில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரெங் பொரிக்கும் மாதவி அக்கா ஒருநாள் பொட்டலத்தோடு வந்தார்.

“இந்தா தம்பி, சாப்பிடு. காசு வேணாம். போனவ போறா, வெட்டிப் பொண்ணு.”

வாங்கினாலும் தலையீடு, மறுத்தாலும் தலையீடு. வாழைப்பழம் சூடாக இருந்ததால் முதல் தலையீட்டைத் தேர்ந்தெடுத்தேன். நன்றி மட்டும் சொல்லவில்லை. ஆய்வு ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது.

வார இறுதியில் டாக்டரிடம் என் சிறு ஐயத்தைச் சொன்னேன். “டாக்டர், நான் உக்காந்திருக்கறதாலதான் அவங்க நிக்கிறாங்க போல.”

“அது உன் அபிப்பிராயம். நீ பாத்தது என்ன?”

“நின்னாங்க.”

“உன்னை எந்திரிக்கச் சொன்னாங்களா?”

“இல்ல டாக்டர்.”

“அப்ப சீட்டுக்கு டிமாண்ட் இல்ல. எழுது.”

எழுதினேன். ‘இப்பகுதி மக்கள் நின்றுகொண்டே ஓய்வெடுக்கும் உயர்ந்த பண்பாட்டினர்’ என்ற அரிய உண்மை இப்படித்தான் உலகுக்குக் கிடைத்தது. கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் லோரி வந்தது. மக்களின் எதிர்வினையை உற்றுநோக்க என்னையே அனுப்பினார்கள். மேசையும் இருக்கைகளும் பெயர்ந்து லோரியில் ஏறின. ராதாகிருஷ்ணன் மூடிப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு பார்த்தார். இனி அவர் எதற்காக ரயிலேறப் போகிறார் என்பது என் ஆய்வின் எல்லைக்குள் வராது. கன்னையா நொண்டியபடி என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்.

“என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டானுங்க? மனசு சரியில்லாத பையன், ஒனக்குன்னுதான நாங்க விட்டு வச்சோம். இனிமே நீ எங்கப்பா உக்காருவ?”

நான் சுவர். அலுவலகத்துக்குத் திரும்பி, மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அறிக்கையின் கடைசி வரியை எழுதினேன்: ‘இருக்கைகள் அகற்றப்பட்டதால் தங்களுக்குச் சிரமம் என்று பொதுமக்கள் எவரும் சொல்லவில்லை. ஆய்வாளர் இனி எங்கே உட்காருவார் என்று மட்டுமே கேட்டார்கள்.’