மச்சம் இடம் மாறிய போட்டோ

என் வாழ்நாளில் நான் செய்தது ஒரே ஒரு மோசடிதான். அதையும் என் சொந்த முகத்தை வைத்தே செய்தேன். மோசடி என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் எங்கள் வீட்டில் நம்பவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் என் முழுநேர வேலை கவலைப்படுவது. மழை வருமா என்று கவலைப்படுவேன்; வந்தால் நிற்குமா என்று கவலைப்படுவேன்; நின்றால், ஐயோ நின்றுவிட்டதே என்று அதற்கும் படுவேன். (கண்ணாடியும் வெளிச்சமும் எப்படி வேலை செய்கின்றன என்கிற பாடம் ஒன்பதாவதில்தான் வருமாம். என் மகள் படிக்கும்போது சொன்னாள். ஒரே ஒரு வகுப்பு வித்தியாசத்தில் என் மானம் போயிருக்கிறது பாருங்கள்.)

அந்த வருஷம் என் பெரிய கவலை கல்யாணம். அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, ‘போய் எழுதுகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா வாசலைப் பெருக்குவது போல் பாவனை செய்தாள். எழுத்து வரவில்லை. மூன்றாவதாகத் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். திருமுக்கூடல் பையன், பால் சொசைட்டியில் வேலை. ‘பையனோட அம்மா ரொம்ப விவரம். மொதல்ல போட்டோ பார்த்துட்டுத்தான் கெளம்பி வருவேன்றாங்க’ என்றார் தரகர். இந்த இடம் மட்டும் தட்டிப் போகக் கூடாது என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அதுவரை நான் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. அம்மா தன் கல்யாணப் புடவையை எனக்குக் கட்டி, உத்திரமேரூர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஏரியும் அன்னப்பறவையும் வரைந்த திரை. முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்கு. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்ததும், கரண்ட் அடித்துச் செத்துப்போனால் இந்தப் பட்டுப் புடவை வீணாகிவிடுமே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

“கவலைப்படாம இரும்மா, மூஞ்சி சுருங்குது” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“அவ பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான். நீங்க எடுங்க” என்றாள் அம்மா.

நாலு நாள் கழித்து நைனா போட்டோவை வாங்கிவந்தார். (அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) எல்லாரும் சுற்றி நின்று பார்த்து, ‘அச்சு அசல் நம்ம பொண்ணுதான்’ என்றார்கள். நான் பார்த்தேன். 

அது நான் இல்லை.

என்னைப் போலவே ஒருத்தி. ஆனால் வாய் தப்பான பக்கம் கோணியிருந்தது. புருவம் ஒன்று ஏறி, எதிரே இருப்பவர் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்படுவது போல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, என் மச்சம்! கண்ணாடியில் பார்த்தால் என் வலது கைப் பக்கம் இருக்கிற மச்சம், போட்டோவில் இடது கைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

“அம்மா, இதுல நான் வேற மாதிரி கீறேன்.”

“வேற மாதிரி இன்னா? இதே மூஞ்சியத்தான் தெனம் பார்த்துக்கினு கீறோம்.”

அன்று மத்தியானம் எல்லாரும் கழனிக்குப் போனதும், போட்டோவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். எதேச்சையாகப் போட்டோ கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியது. கண்ணாடிக்குள் பார்த்தால், அட, நான்! வாய் சரி, புருவம் சரி, மச்சம் சரி. பத்தொன்பது வருஷம் எனக்குப் பழக்கமான அதே முகம். பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. ஸ்டூடியோக்காரர் என்னைத் தலைகீழாக, இல்லை, பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார்! அந்தச் சந்தேகப் புருவத்தைத் திருமுக்கூடலில் பார்த்தால் யார் கிளம்பி வருவார்கள்?

தரகர் வெள்ளிக்கிழமை வந்து போட்டோவை வாங்கிப் போவதாகப் பேச்சு. இடையில் இரண்டே நாள்.

பச்சரிசி மாவு அரைக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கி, தூக்குக் கூடையோடு உத்திரமேரூர் மில்லுக்குக் கிளம்பினேன். (வேலையைக் கேட்டு வாங்கிச் செய்கிறாள் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பாவம்.) அரைத்த சூட்டோடு மாவுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ படியேறினேன். 

“அண்ணா, நீங்க போட்டோவைத் தப்பாப் போட்டுட்டீங்க.”

அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னா தப்பு? ஒயுங்காத்தான கீது?”

நான் அங்கே மாட்டியிருந்த கண்ணாடியில் காட்டி நிரூபித்தேன். அவர் சிரித்தார்.

“இதாம்மா தகராறே. இங்க வர்றவங்க பாதிப் பேர் ‘இது நான் இல்ல’ன்னுதான் சொல்லிக்கினு வர்றாங்க. நீ உன்னைக் கண்ணாடில பார்த்துத்தான் பழக்கம். கண்ணாடி பக்கத்தை மாத்திக் காட்டும். கேமரா, எதிர்ல நிக்கிறவன் கண்ணு மாதிரி. ஊரு உன்னை எப்பிடிப் பாக்குதோ அதான் இது.”

இதைக் கேட்டு நான் சமாதானம் ஆகியிருக்க வேண்டும். எனக்கோ பெரிய பீதி பிடித்துக்கொண்டது. அப்படியானால் பத்தொன்பது வருஷமாக ஊரே என் தப்பு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததா? வந்துவிட்டு எழுதாமல் போன அந்த இரண்டு இடத்துக்காரர்களும் அதைத்தான் பார்த்தார்களா? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது.

“எனக்குக் கண்ணாடி மூஞ்சிதான் வேணும். போட முடியுமா, முடியாதா?”

“முடியும். பிலிமைத் திருப்பி வச்சா ஆச்சு. ஆனா மூக்குத்தி இந்தப் பக்கம் போவும். முந்தானை வலது தோளுக்குப் போவும்.”

“அதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?”

(ஒரு பெண்ணின் போட்டோவைக் கல்யாணத்துக்குப் பார்க்கிறவர்கள் அதை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.)

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. மாவுக் கூடையை அவர் நாற்காலியில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டேன். வந்த ஆட்கள் இரண்டு பேர், இது மாவு விற்கிற இடம் என்று விலை கேட்டுவிட்டார்கள். கடைசியில் அவர், “பேஜாரு பண்ணாதம்மா, போட்டுத் தர்றேன்” என்று இருட்டறைக்குள் போனார். கூலியாக இரண்டு படி மாவு அளந்து கொடுத்தேன். மாவு ஏன் குறைந்தது என்று அம்மா கேட்டபோது, மில்லில் காற்று அதிகம் என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஸ்டூடியோவில் கொடுத்திருந்த உறைக்குள் பழைய போட்டோவுக்குப் பதில் புதியதை வைத்தேன். பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வெள்ளிக்கிழமை தரகர் உறையோடு போனார். அடுத்த வாரமே பதில். போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டதாம், நேரில் வருகிறார்களாம். கண்ணாடி முகத்தின் மகிமை!

வந்தார்கள். பையன், பையனின் அம்மா, கூட நாலு உறவுக்காரர்கள். எங்கள் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போனேன். கும்பிட்டேன். பையனின் அம்மா என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு மடியிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி என்னைப் பார்த்தார்கள். கையில் எடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“தரகரே, இது அந்தப் பொண்ணு இல்லியே?”

தரகர் பையைத் திறந்து, வேறு யாருடைய போட்டோவையாவது மாற்றிக் கொடுத்துவிட்டோமா என்று குடைய ஆரம்பித்தார்.

“இன்னாம்மா சொல்றீங்க? எங்க பொண்ணுதான் அது” என்றார் நைனா.

“போட்டோவுல மச்சம் இடது கன்னத்துல கீது. பொம்பளைக்கு இடது பக்கம் மச்சம் இருந்தா போற வூடு வெளங்கும்னுதான் நான் கெளம்பியே வந்தேன். இந்தப் பொண்ணுக்கு வலது கன்னத்துல கீது. அதுல மூக்குத்தி இடது மூக்குல. இங்க வலது மூக்குல. அந்தப் பொண்ணு முந்தானையே வேற மாதிரி போட்டுக்கினு கீது. அக்காவைக் காட்டிட்டு தங்கச்சியைத் தள்ளிவுடப் பாக்கறீங்களா?”

“எனக்கு இருக்கறது ஒரே பொண்ணுதாங்க!” அம்மா விளக்கின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்யப் போனாள்.

“அப்போ ரெட்டைப் பொண்ணா? ஒண்ணை ஒளிச்சி வச்சிக்கினு கீறீங்களா?” என்றார் கூட வந்த ஒருவர். அவர் எழுந்து போய் எங்கள் நெல்குதிருக்குப் பின்னால் எட்டியே பார்த்துவிட்டார்.

நைனாவின் முகம் கறுத்துப்போனது. எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு வந்தால் அவர் சொல்லுக்குத்தான் இரண்டு பக்கமும் கட்டுப்படுவார்கள். அவரைப் பார்த்து அவர் வீட்டிலேயே ஆள்மாறாட்டம் என்கிறார்கள். “நான் பொய் சொல்றவன் இல்லம்மா” என்றார். வாசலில் அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கல்யாணம் போச்சு. திறக்காவிட்டால் நைனா மானம் போச்சு. வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு நைனாவின் மானம் என்கிற ஒரே ஒரு கவலை மட்டும் இருந்தது. அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. நேரே போய்ச் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, பையனின் அம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

“அத்தை, அந்தப் போட்டோவைக் குடுங்க.”

அவர்கள் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்கள். போட்டோவைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன்.

“கண்ணாடிக்குள்ள கீறவளையும் பாருங்க, என்னையும் பாருங்க. மச்சம் எங்க கீது? மூக்குத்தி எங்க கீது?”

எல்லாரும் கண்ணாடிக்குள் தலையை நுழைத்தார்கள். நான் ஸ்டூடியோவுக்குப் போனதையும், பிலிமைத் திருப்பி வைக்கச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அடிப்பாவி, ரெண்டு படி மாவு அதுக்குத்தான் போச்சா?” என்றாள் அம்மா. (மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மாவு.)

“நைனாவுக்கு எதுவும் தெரியாது அத்தை. எனக்கு மச்சம் வலது கன்னத்துலதான். புடிக்கலன்னா எழுந்து போயிடுங்க. ஆனா எங்க நைனா பொய் சொல்லலன்னு இங்க இருக்கறவங்க கேக்கறா மாதிரி சொல்லிட்டுப் போங்க.”

அப்போதுதான் இவ்வளவு நேரம் தலைகுனிந்திருந்த பையன் எழுந்து, என் தோளுக்குப் பின்னால் வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே எங்கள் கண்கள் சந்தித்துக்கொண்டன. (ஆக, நான் முதன்முதலில் பார்த்த அவர் முகமும் பக்கம் மாறிய முகம்தான்.)

“சரியாத்தான் கீதும்மா” என்றார்.

அவர் அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு வாசலில் நின்ற ஜனத்தைப் பார்த்து, “இவரு பொய் சொல்லல. கேட்டுக்கினீங்களா?” என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

“மச்சம் எந்தப் பக்கம் போனா இன்னாடி. வாய் நடுவுலதான கீது. நம்ம வூட்டுக்கு அது போதும். தரகரே, தேதி பாருங்க.”

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. தாலி கட்டுகிற நேரத்தில் மாமியார் ஒருமுறை என் கன்னத்தை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். கல்யாணப் போட்டோ எடுக்க வந்தவரிடம், “இன்னா போட்டாலும் என்கிட்டதான் குடுக்கணும், பொண்ணு கையில குடுக்கக் கூடாது” என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். போகட்டும், அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் வீட்டுக்காரர் செய்ததுதான். அந்தத் திருப்பிப் போட்ட போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, என்னையும் பார்த்து, “இவங்க யாரு, உங்க அக்காவா?” என்று கேட்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அவர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்:

“ஆமாங்க. அவங்களைத்தான் கேட்டேன். இவளைக் குடுத்துட்டாங்க.”