உலகம்மை வாங்கிய இயங்குதளம்

ஒரு காட்டில் மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது. இணையம் மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. மலையுச்சியில் உள்ள மருதமரத்தின் நுனிக்கிளையில் தலைகீழாகத் தொங்கினால் சிறிது கிடைக்கும் என்று மலையணில்கள் சொல்லும். ஆனால் அவை அவ்வாறு தொங்கிப் பெற்றதில் ஒரு துளியையேனும் பிறருக்குக் கொடுத்தது கிடையாது. ஆகவே, கணினிக்கு வேண்டியதை எல்லாம் அக்காட்டு விலங்குகள் சந்தையில் குறுந்தட்டாகவே வாங்கிவந்தன.

காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. எனினும், சீட்டு இல்லாமல் எவரும் இறங்கிக் குடித்தல் கூடாது என்பது தலைவி யானை கோமதியம்மாளின் ஆணை. பெயர், இனம், கால்களின் எண்ணிக்கை, தாகத்தின் அளவு ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி, அச்சிட்ட சீட்டைக் கையிலோ வாயிலோ கொடுக்கும் உரிமையை உலகம்மை என்னும் முள்ளம்பன்றி பெற்றிருந்தாள். சீட்டுக்கு ஒரு கிழங்கு கூலி. அந்தக் கிழங்குகளைக் கொண்டுதான் அவள் வளையில் அடுப்பு எரிந்தது.

உலகம்மைக்கு ஒழுங்குதான் உயிர். முண்டியடித்து முன்னே வருபவரைக் கண்டால் அவளுடைய முட்கள் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும். அதனால் அவளுடைய கணினி மையத்தில் வரிசை குலைந்ததே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு சோதனை வந்தது. அவளுடைய கணினியில் இருந்த இயங்குதளம், தொலைவில் உள்ள ஒரு நகரத்துச் சிங்கங்கள் விற்றது. ஒருநாள் காலையில் திரை கறுத்து, ‘தங்கள் உரிமம் முடிவுற்றது’ என்று எழுதிக்காட்டி அணைந்தது. மறுபடியும் உயிர்ப்பித்தால், ஓர் எருமை தண்ணீர் குடிக்கும் நேரம் ஓடும், பிறகு அணையும். குளத்தங்கரையில் வரிசை நீண்டது. நீண்டு, குளத்தைச் சுற்றிவந்து, தன் வாலையே தொட்டது.

செய்தி கேட்டு ஓடைக்கு அக்கரையில் இருந்து கழுதைப்புலி சுடலைக்கண்ணு நலம் விசாரிக்க வந்தார். அவரிடமும் ஒரு கணினி இருந்தது.

“என்ன உலகம்மை, ஒம் பொட்டி இன்னைக்கும் கண்ணை மூடிட்டா?”

“மூடல அண்ணாச்சி. இளைப்பாறுது.”

“இளைப்பாறட்டும், இளைப்பாறட்டும். நான் சிங்கத்துக்கு ஒழுங்காப் பணம் கட்டுதவன். எம் பொட்டி இளைப்பாறாது. தலைவியம்மாகிட்ட சொல்லியாச்சு. பௌர்ணமியன்னைக்குக் காலையில நேர்ல வந்து பாப்பாவ. உன் பொட்டி ஓடலைன்னா சீட்டு வேலை அக்கரைக்கு வந்துரும். கவலைப்படாத, உனக்கு வரிசையில நிக்க நல்ல நெழலா ஒரு எடம் பாத்துத் தாரேன்.”

சிரிப்பது கழுதைப்புலியின் இயல்பு. எனினும், அன்று அவர் தம் இயல்புக்கு மேற்பட்டுச் சிரித்தார்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் சந்தை கூடிற்று. உலகம்மை கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு விடியும்போதே அங்கே இருந்தாள். ஆலம்விழுதுகளுக்கு இடையே மரநாய் மாசிலாமணி ஒரு தேக்கிலையை விரித்து, பளபளக்கும் குறுந்தட்டுகளை அதன்மேல் அடுக்கியிருந்தார். மரநாய்கள் மூடி மறைத்துப் பேசும் என்பது காட்டின் பொதுவான எண்ணம். மாசிலாமணியோ உண்மையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாதவர். அதனால் மிகவும் மெலிந்திருந்தார்.

“இது என்னது?” என்றாள் உலகம்மை.

“புத்து ஒம்பது, அக்கா. புது இயங்குதளம். தெக்குமலைக் கறையானுக எல்லாம் சேந்து கட்டினது. போன வாரந்தான் வெளியாச்சு. உரிமம் முடியுத பேச்சே கெடையாது.”

“வெலை?”

“உள்ள இருக்கது எலவசம். சீடிக்கும், நான் மலையில இருந்து சொமந்து வந்ததுக்குமா ஒரு கிழங்கு குடுங்க, போதும்.”

உலகம்மையின் முட்களில் பாதி நிமிர்ந்தன.

“ஒரு கிழங்கா? கெட்டுப்போனதை விக்குதீரோ?”

“கெடல அக்கா. யாரு வேணும்னாலும் உள்ள தெறந்து பாக்கலாம். புடிக்கலைன்னா மாத்திக்கிடலாம். பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம்.”

“அப்போ ஏற்கெனவே பல பேரு தெறந்து பாத்தாச்சு?”

“ஆயிரக்கணக்குல பாத்திருக்காங்க!” என்றார் மாசிலாமணி, பெருமையோடு.

“நல்லாருக்கே! ஊரே தெறந்து பாத்து மூடின சாமானை எந்தலையில கட்டப் பாக்குதீரே! சீல் ஒடையாததா ஒண்ணு எடும்.”

மாசிலாமணி பலவாறு விளக்கினார். விளக்க விளக்க அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. வேண்டாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, பசி தாங்காத மாசிலாமணி வாழ்க்கையில் முதன்முறையாக வியாபாரம் பேசினார்.

“சரி அக்கா. பத்துக் கிழங்கு. அதுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் கட்டாது.”

உலகம்மை நின்றாள். இப்போதுதான் ஒரு பொருளை வாங்குவதுபோல் அவளுக்குத் தோன்றியது.

“பத்தா! கொள்ளையா அடிக்குதீரு? மூணு.”

“ஒம்பது.”

“நாலு. மேல கேட்டீருன்னா நடையக் கட்டிருவேன்.”

ஆறு கிழங்கில் பேரம் படிந்தது. ஒரு கிழங்குக்குக் கிடைத்திருக்க வேண்டியதை ஆறுக்கு வாங்கிக்கொண்டு, நான்கு கிழங்கு மிச்சம் பிடித்துவிட்ட நிறைவோடு அவள் வீடு திரும்பினாள். கையில் கிடைத்த கிழங்கைப் பார்த்துத் திகைத்த மாசிலாமணி, உடனே கடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய பொருள் எதுவாயினும், பம்புசெட்டோ பல்குச்சியோ, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிய பின்னரே பயன்பாட்டுக்கு வரவேண்டும். முறை தவறினால் உலகம்மைக்குத் தூக்கம் வராது. ஆகவே, பக்கத்து மரத்து மந்தி ஆவுடைத்தாயை அழைத்தாள். காட்டின் முதல் பம்புசெட்டுக்குப் பூசை போட்டவள் ஆவுடைத்தாய்தான்.

“மதினி, இதுல மொகம் எந்தப் பக்கம்?” என்று குறுந்தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள் உலகம்மை. “எழுத்து இருக்க பக்கம்னு நெனைக்கேன்.”

“ஏட்டி, எந்தச் சாமியாவது மொகத்துல எழுதி வச்சிருக்கா? மினுங்குது பாரு, அதுதான் மொகம்.”

இந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. மினுங்கும் பக்கத்தின் மேற்பகுதியில் சந்தனம் குழைத்துப் பட்டையாகப் பூசி, பட்டையின் நடுவே குங்குமம் வைத்தார்கள்.

“நடுவுல ஓட்டை இருக்கே, மதினி?”

“அது வாய். கொஞ்சம் சர்க்கரைப்பொங்கல் வை.”

பிறகு உலகம்மை கணினியின் பொத்தானை அழுத்தினாள். குறுந்தட்டு வைக்கும் பலகை வெளியே வந்தது.

“நாக்கை நீட்டுது பாத்தியா? பசி,” என்றாள் ஆவுடைத்தாய்.

“பழத்தை எங்க வைக்க? வண்டின்னா சக்கரத்துக்கு அடியில வைப்போம். இதுல சக்கரம் ஏது?”

ஆவுடைத்தாய் வாலைச் சொறிந்துகொண்டு ஆராய்ந்தாள். “இந்தச் சீடி உள்ள போயி என்ன செய்யும்?”

“சுத்தும்.”

“வட்டமா இருக்கு, சுத்துது. அப்போ இதுதான சக்கரம்? இதுக்கு அடியில வை.”

பலகையில் எலுமிச்சம்பழம், பழத்தின்மேல் குறுந்தட்டு, குறுந்தட்டின்மேல் கற்பூர ஒளி. மந்தியும் முள்ளம்பன்றியும் சேர்ந்து முழுப்பலத்தோடு பலகையை உள்ளே தள்ளினார்கள். ‘கறக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. கணினி ஒருமுறை இருமியது. எலுமிச்சைச் சாறு விசைப்பலகை வரைக்கும் தெறித்தது. திரை மினுக்கென்று ஒளிர்ந்து, உரிமத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லாமல், அடியோடு அணைந்தது.

“பழம் நல்லா நசுங்கியிருக்கு. ராசிதான்,” என்று கூறி, மீந்த பொங்கலை எடுத்துக்கொண்டு ஆவுடைத்தாய் மரம் ஏறினாள்.

உலகம்மை கணினியைத் தட்டினாள், தடவினாள், ஊதினாள். அசைவில்லை. முறிந்த பலகையில் இருந்து குறுந்தட்டைப் பிடுங்கி எடுத்தாள். கற்பூரம் காட்டிய பொருளைத் தரையில் வைத்தல் கூடாது. எனவே, மினுங்கும் முகம் வெளியே தெரியுமாறு ஒரு கொடியில் கோத்து வாசலில் தொங்கவிட்டாள். விடிந்தால் கோமதியம்மாள் வருவாள். சீட்டு வேலை ஓடையைக் கடந்துவிடும். இனி அடுப்பில் எதை வைப்பது என்று எண்ணியபோது, தன்னுடைய முட்களே தன்னைக் குத்துவதாக அவளுக்குத் தோன்றியது.

காலையில் வழக்கம்போல் வரிசை கூடிவிட்டது. முதலில் நின்றது ஓர் எருமை. அது வாசலுக்கு வந்ததும் திடுக்கிட்டு நின்றது. தொங்கிய குறுந்தட்டில் அதன் முகம் தெரிந்தது. முகத்தில் சந்தனப் பட்டை இருந்தது. நடுவில் குங்குமமும் இருந்தது.

“ஏ தாயி, நானா இது? கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கேனே! இதுதான் புது மெஷினா?”

உலகம்மை இதுவரை பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை ஏற்பட்டதில்லை என்பதே காரணம். அவள் குறுந்தட்டைச் சுட்டிக்காட்டினாள்.

“மொகம் தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுது.”

“அப்போ போங்க.”

எருமை போய்த் தண்ணீர் குடித்தது. அடுத்து வந்த கேளையாடு தன் முகத்தைப் பார்த்தது, போய்க் குடித்தது. காட்டுப்பன்றி இரண்டுமுறை பார்த்துக்கொண்டது. பெயர் கேட்பார் இல்லை. கால்களை எண்ணுவார் இல்லை. இளவெயில் சுடுவதற்குள் வரிசை கரைந்து, வாசலில் உலகம்மை மட்டும் நின்றாள்.

அந்த நேரத்தில் தரை அதிர்ந்தது. கோமதியம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய காதுமடலில் ஒரு கறையான் அமர்ந்திருந்தார். புற்று ஒன்பதைக் கட்டியவர்களுள் ஒருவர். உலகம்மை அதை வாங்கிய செய்தி எட்டியதும், சோதிப்பதற்காகத் தென்மலையில் இருந்து இரவோடிரவாக வரவழைக்கப்பட்டவர். அவருக்குப் பெயர் கிடையாது. ‘எல்லோரும் சேர்ந்து செய்தோம்’ என்பதே கறையான்களின் கொள்கை. பிழை நேர்ந்தால் எவர் செய்தது என்று தெரியாமல் இருப்பதற்கும் அது பயன்பட்டது. பின்னால் சுடலைக்கண்ணு துள்ளிக்கொண்டு வந்தார்.

“வரிசை எங்க?” என்றாள் தலைவி.

“எல்லாரும் குடிச்சிட்டுப் போயிட்டாவ, தலைவியம்மா.”

“அதுக்குள்ளயா?” கோமதியம்மாள் குறுந்தட்டின் அருகில் குனிந்தாள். அவளுடைய ஒரு கண் மட்டுமே அதில் அடங்கியது. நெடுநேரம் அதைப் பார்த்தாள். “என் கண்ணு இவ்வளவு லட்சணமாவா இருக்கு? இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே!”

அதற்குள் சுடலைக்கண்ணு மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வந்துவிட்டார்.

“மோசடி, தலைவியம்மா! அந்தச் சீடி பொட்டிக்குள்ள போகவே இல்ல! பொட்டி செத்துக் கெடக்கு, எறும்பு மொய்க்குது! வந்து பாருங்க!”

உலகம்மையின் முட்கள் அத்தனையும் ஒருசேரப் படிந்தன. பிறந்தது முதல் அவள் அவ்வளவு மென்மையாக இருந்ததில்லை.

கோமதியம்மாள் சிந்தித்தாள். யானையின் சிந்தனை மெதுவாக நடக்கும். ஆனால் நடந்த இடம் தடமாகிவிடும்.

“உள்ள போகாமலேயே இவ்வளவு வேலை செய்யுதா?” என்றாள் வியப்புடன். பிறகு சுடலைக்கண்ணுவின் பக்கம் திரும்பினாள். “உம்ம பொட்டிக்கு உள்ள போனது என்ன செஞ்சுக்கிட்டு இருக்கு?”

“அது... அப்டேட் ஆயிட்டிருக்கு, தலைவியம்மா.”

“எவ்வளவு முடிஞ்சிருக்கு?”

“நாப்பது சதவீதம்.”

“நேத்து?”

“நேத்தும் நாப்பதுதான்.”

கோமதியம்மாள் துதிக்கையை உயர்த்தினாள். கறையான் அதன்வழியே இறங்கிக் குறுந்தட்டின்மேல் நடந்தார். சந்தனத்தைச் சுற்றிவந்தார், சிறிது தின்றும் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவதே முறை என்று உலகம்மை துணிந்தாள்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லிருதேன். நேத்து நாங்க...”

“பேசாதீங்கம்மா,” என்றார் கறையான். அவருடைய குரல் தழுதழுத்தது. “ஒவ்வொரு பதிப்பும் வெளியான மறுநாளே புகார் வந்து குவியும். சத்தம் வரலைன்னு ஒருத்தர், திரை நடுங்குதுன்னு ஒருத்தர், அச்சு எந்திரம் எங்கேன்னு ஒருத்தர். புற்று ஒன்பதுக்கும் வந்து குவிஞ்சாச்சு. இங்கே ஒரு காடே பயன்படுத்தியிருக்கு. ஒருத்தர்கூடக் குறை சொல்லலை. நாங்க கட்டினதுலேயே பிழையில்லாம ஓடுறது இது ஒண்ணுதான். எப்படி நிறுவினீங்க?”

“சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்,” என்றாள் உலகம்மை. கேட்டதற்கு விடை சொல்வது பொய் ஆகாது.

“எந்தப் பக்கம்?”

“மினுங்குத பக்கம்.”

கறையான் வணங்கினார்.

சீட்டு உரிமை உலகம்மைக்கே என்றும், இனி முகம் ஒன்றுக்கு ஒரு கிழங்கு கூலி என்றும் கோமதியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னொரு கண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உலகம்மையின் முட்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்கு தவறாமல், எழுந்து நின்றன.

எல்லோரும் போனபின் சுடலைக்கண்ணு வாசலில் தயங்கி நின்றார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது.

“தங்கச்சி, எம் பொட்டிக்கும் கொஞ்சம் சந்தனம் பூசிப் பாக்கவா?”

“தாராளமாப் பூசுங்க, அண்ணாச்சி,” என்றாள் உலகம்மை. “ஆனா மொதல்ல அணைச்சிருங்க.”

நீதி: இயக்கப்பெறாத இயங்குதளத்தில் எவரும் பிழை காண்பதில்லை. ஆகையால், எந்தப் புதிய பதிப்பை வாங்கினாலும், முறைப்படி செய்ய வேண்டிய யாவற்றையும் முதலில் செய்து, இயக்குவதை மட்டும் தவிர்த்துவிடுக.