குடைக்காரனுக்கு விழுந்த ஓட்டு

ஆலை வாசலில் மூன்று முதலாளிகளை மண்டியிட வைத்தவர் தோழர். நன்றி கெட்ட உலகம் அதை மறந்துவிட்டது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து வீட்டில் பாத்திரம் துலக்குவது அவர் வேலை. மனைவியுடன் நடத்திய பேச்சுவார்த்தைகள் எல்லாம் முறிந்தன. ஆகவே பந்தயம் கட்டினார்.

தொலைக்காட்சியில் அன்று நாடுகளுக்கிடையே பாட்டுப் போட்டி; ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போடும். ஜெயிக்கும் பாட்டைச் சரியாகச் சொல்பவர் ஒரு வருஷத்துக்குப் பாத்திரத் தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

"பாட்டா ஜெயிக்குது? கூட்டணி ஜெயிக்குது. பக்கத்து நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்காரனுக்குத்தான் குத்துவான். கூடக் கொஞ்சம் புகை, ஒரு வெள்ளை கவுன், அம்மாவை நினைச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீர். முடிஞ்சுது கதை."

"அப்போ பாட்டு எதுக்குங்க?"

"சும்மா, ஊரை ஏமாத்த."

"நீங்க நாலு விஷயம் படிச்சவங்க. முதல்ல நீங்க சொல்லுங்க. எல்லாம் பாடி முடிக்கட்டும், நான் அப்புறம் சொல்றேன்."

எதிரி ஆயுதத்தைக் கீழே போட்டதாகவே தோழர் நினைத்தார். எல்லைக்கோடு அதிகமுள்ள நாடாகப் பார்த்துத் தேர்ந்தார். அந்த நாட்டின் வெள்ளை கவுன் புகைக்குள் நின்று அம்மாவை நினைத்து அழுதது. தோழர் மீசையை நீவிக்கொண்டார்.

அடுத்து வந்தான் ஒரு குண்டன். தொலைந்துபோன குடையைத் தேடிப் பாடினான்.

"இது பாட்டா? முதலாளித்துவம் விடுற ஏப்பம். மூளையே இல்லாதவன்தான் இதைக் கேப்பான்."

மனைவி தலை கவிழ்ந்து, வாடிக்கையாளர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"டிவியைப் பாரேன். அப்புறம் பார்க்கலைன்னு சொல்லக் கூடாது."

"காதுல விழுதுங்க."

கடைசிப் பாட்டும் முடிந்தது. "குடைக்காரன்," என்றாள் ஒரே சொல்லில். தோழர் இரக்கத்தோடு சிரித்தார்.

ஓட்டு எண்ணினார்கள். அண்டை நாடுகள் ஒன்றுவிடாமல் குடைக்குள் ஒதுங்கின.

"கருங்காலிப் பசங்க," என்று முனகிக்கொண்டே தோழர் தொட்டிக்கு நடந்தார். அடிப்பிடித்த சட்டியைக் கையில் எடுத்ததும் மனம் கேட்கவில்லை.

"பாட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? எப்படிச் சொன்னே?"

"எனக்கு என்னங்க தெரியும்? உங்க காலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வெள்ளை கவுனுக்கு அது செத்துக் கிடந்துச்சு. குடைக்காரனை நீங்க திட்டத் திட்டத் தாளம் போட்டுச்சு. வருஷா வருஷம் நீங்க எதைத் திட்டுறீங்களோ, அதுதாங்க ஜெயிக்குது."

"வீண்பழி," என்றார் தோழர். குனிந்து பார்த்தார்.

கால் இன்னும் குடையைத் தேடிக்கொண்டிருந்தது.