கல்லுக்குக் கண்ணேறு கழித்த கதை

கண்ணேறு கழித்ததை முச்சந்தியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஊரறிந்த விதி இது. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சுற்றிப் போட்டிருக்கிறேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது. ஒரே ஒரு தடவை பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? ஓடிப்போய், கொட்டினதையெல்லாம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அதுவும் செம்பூரில், சாயங்கால நேரத்தில், பாதி ஊர் வேடிக்கை பார்க்க.

சொல்லுகிறேன். எனக்குப் படிப்பு கம்மி, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். கை மெதுவாகத்தான் போகும். அவசரம் இருக்கிறவர்கள் முன்னால் போய்க்கொள்ளலாம்.

தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் என் முறுக்குக்குப் பேர் உண்டு. அதைவிடப் பேர் என் கைக்கு. பிள்ளை வீறிட்டு அழுகிறதா, பால் குடிக்க மாட்டேன் என்கிறதா, "வடிவக்காவக் கூப்பிடு" என்பார்கள். உப்பு, மிளகாய் வத்தல், கடுகு, தெரு மண் கொஞ்சம். சுற்றி அடுப்பில் போட்டால் வத்தல் நெடி வராது. நெடி வரவில்லை என்றால் கண்ணேறு இருந்தது என்று அர்த்தம். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா பிள்ளைக்கு ஓதிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நீயும் ஒரு சுத்து சுத்திரு வடிவு" என்று என் மடியில் கொண்டுவந்து போடுவாள். (ரெண்டு பக்கமும் பாதுகாப்பு. விவரமான பொம்பளை.)

அப்பேர்ப்பட்ட நான், மகன் செல்வம் செம்பூரில் வீடு வாங்கினதும் அங்கே போய் இருந்தேன். இனி காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம், முறுக்குப் பிழிய வேண்டாம் என்றான். சரி என்றேன். அங்கே போனால், என் தொழிலையே என் மருமகள் ஏசி போட்ட அறையில் வைத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறாள்!

மருமகள் ரம்யா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். தாய் தவறி ஒரு வருசம் ஆகியிருந்தது. அவள் செய்வது கல் வைத்தியம். கிரிஸ்டல் ஹீலிங் என்று வாசலில் போர்டு. மனக்கஷ்டம், தூக்கமில்லை என்று வருகிறவர்களைப் பாயில் படுக்கவைத்து, நெற்றியில் ஒரு கல், நெஞ்சில் ஒரு கல், உள்ளங்கையில் ஒரு கல் வைப்பாள். கொஞ்ச நேரம் பித்தளைக் கிண்ணத்தைத் தட்டி ரீங்காரம் எழுப்புவாள். அவ்வளவுதான்.

முதலில் நான் சிரித்தேன். பிறகு அந்தக் கற்களைக் கிட்டத்தில் பார்த்தேன். அதோடு சிரிப்பு நின்றது.

ஒரு கல், வெளியே பார்த்தால் அம்மி கொத்தினபோது தெறித்த சில்லு மாதிரி. திருப்பினால் உள்ளே குகை. குகை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் பல்லுப் பல்லாக மின்னுகிறது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று மண்ணுக்குள்ளே இப்படி ஜோடித்து வைத்தாய் சாமி என்று கேட்கத் தோன்றியது. இன்னொன்று பாலாடையை அடுக்கிவைத்த மாதிரி வெள்ளை. இன்னொன்று எள்ளுருண்டைக் கறுப்பு, அதில் என் முகமே தெரிந்தது. கண்ணாடியில் தெரிவதைவிட மரியாதையாகத் தெரிந்தது.

வருகிறவர்களையும் பார்த்தேன். தாட்டியான ஒரு ஆள், காரில் வந்தவர், நெஞ்சில் கல்லை வைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். எழுந்து போகும்போது நடையே மாறியிருந்தது. என்னிடம் தாராவியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முகம்தான் இவர்களுக்கும். அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், இவர்கள் வாட்சையும் கழற்றுகிறார்கள்.

"இத ஏன்ம்மா அடிக்கடி கழுவுத?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் கற்களைக் குழாயில் கழுவுவாள், சாம்பிராணிப் புகை காட்டுவாள், அரிசிக்குள்ளே புதைப்பாள், பௌர்ணமிக்குப் பால்கனியில் நிலா வெளிச்சத்தில் பரப்பிவைப்பாள். (அந்த அரிசியைச் சமைக்கக் கூடாதாம். எனக்கு அது பிந்தித்தான் தெரியும். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.)

"வர்றவங்க கஷ்டத்தையெல்லாம் கல்லு வாங்கிக்குது அத்தே. வாங்கி வாங்கி நிறைஞ்சிடும். அப்புறம் அடுத்தவங்களுக்கு வேலை செய்யாது. அதான் கழுவிக் காலி பண்றோம்."

"காலி பண்ணலேன்னா?"

"பாரமா இருக்கும். வீடே டல்லாயிடும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவள் சொல்வது நூற்றுக்கு நூறு எனக்குத் தெரிந்த விசயம். உப்பும் இதைத்தானே செய்கிறது! ஆனால் ஒன்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. கண்ணேறு வாங்கின உப்பை யாராவது கழுவிக் காயவைத்துத் திரும்ப டப்பாவில் போடுவார்களா? பூசணிக்காயை உடைக்கிறோம், எலுமிச்சம்பழத்தை வீசுகிறோம். எல்லாம் வாங்குவதே கொட்டத்தானே? பாவம், தாயில்லாப் பிள்ளை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்தேன். (நினைக்கும்போதே எனக்குள் ஒரு பெருமிதம். அழிவு அங்கேதான் ஆரம்பம்.)

அந்த ஆடி மாசம் பௌர்ணமிக்கு மழை அடைத்துக்கொண்டது. நிலா தலையே காட்டவில்லை. கற்கள் காலியாகாமல் அலமாரியில் இருந்தன. ரம்யாவுக்குத் தலைவலி. துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள், எழுந்தாள், திரும்பப் படுத்தாள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஊரான் கஷ்டமெல்லாம் அலமாரியில் உட்கார்ந்து பிள்ளையைப் பிடுங்குகிறது.

மறுநாள் காலையில் அவள் டோம்பிவிலியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். செல்வம் ஆபீசுக்கு. நான் வேலையை ஆரம்பித்தேன்.

அலமாரிக் கற்களைப் பழைய தலையணை உறையில் போட்டேன். படுக்கையைத் தட்டி விரிக்கும்போது அவள் தலையணைக்கு அடியில் ஒரு கல் கிடைத்தது. ரோஸ் கலர், தேங்காய் பர்பித் துண்டு அளவு. 'அட பாவி மகளே, தலைமாட்டிலேயே வச்சிக்கிட்டா தலை வலிக்காம என்ன செய்யும்!' அதையும் போட்டேன். ஆளைச் சுற்ற வேண்டும், ஆள் இல்லை. கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி, அவள் பக்கமாகப் பார்த்துச் சுற்றினேன். (மகன் பாதியும் சேர்ந்து சுற்றுக்குள் வந்துவிட்டது. இருக்கட்டும், அவனுக்கும் நல்லதுதான்.)

எங்கள் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மூன்று ரோடு சேரும் இடம் உண்டு. அங்கே நடுவில் உறையைக் கவிழ்த்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்தேன், வத்தலும் உப்பும் தூவினேன். திரும்பிப் பார்க்காமல் வந்து, காலைக் கழுவி, கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான காப்பி குடித்ததில்லை.

சாயங்காலம் ரம்யா வந்தாள். வந்ததும் வராததுமாக, "அத்தே, தலைவலி சுத்தமா போயிடுச்சு! டிரெயின்லயே சரியாயிடுச்சு!" என்றாள்.

"போகாம என்ன செய்யும்?" என்றேன். சொல்லிவிட்டு, மெடல் வாங்குகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போட்டோவைச் சுற்றினதுவரைக்கும்.

அவள் கத்துவாள் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். தாராவிக் குழாயடியில் நின்றவள் நான். அவள் கத்தவில்லை. அலமாரியைப் பார்க்கவுமில்லை. நேரே படுக்கையறைக்குப் போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கடியில இருந்தது?"

"அதுதாம்மா எல்லாத்துக்கும் காரணம். அதையுந்தான்..."

"அது அம்மாவோடது அத்தே." தலையணையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் அம்மா அதைத்தான் கையில இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்தாங்க. விரலை நான்தான் பிரிச்சு எடுத்தேன். எல்லாக் கல்லையும் கழுவுவேன். அதை மட்டும் கழுவினதே இல்ல."

"ஏம்மா?"

"கழுவினா அம்மா கை போயிடும்ல."

செருப்புப் போட எனக்கு நினைவில்லை. படிக்கட்டில் நான் இறங்கின வேகத்தைப் பார்த்து வாட்ச்மேன் தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றான். ரம்யா பின்னால் ஓடிவந்தாள். இவ்வளவு நேரமா அது அங்கே இருக்கும்? காலையில் கொட்டினது, இது பம்பாய்! காயப்போட்ட துணியே மாயமாகிற ஊர்!

முச்சந்திக்கு வந்து பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லாம் இருந்தது. கத்தரிப்பூக் குகை மழைத்தண்ணீரில் நனைந்து, நடுரோட்டில் ராணி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் ஹாண்டிலை ஒடித்து ஒடித்து விலகிப் போகிறார்கள். பஸ்ஸே ஒதுங்கிப் போகிறது. ஸ்கூல் பிள்ளைகளை அம்மாமார்கள் கையைப் பிடித்து அந்தப் பக்கமாக இழுக்கிறார்கள். ரோடு கூட்டுகிற அம்மாள் தெரு முழுக்கக் கூட்டி, அந்த இடத்தை மட்டும் வட்டமாக விட்டுவைத்திருந்தாள், கோலத்தைச் சுற்றிக் கூட்டின மாதிரி. மராத்தி, குஜராத்தி, தமிழ், மலையாளம் அத்தனையும் நடக்கிற ரோட்டில், என் எலுமிச்சம்பழத்தை மீறி ஒரு கை நீளவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றாலும், உண்மையைச் சொன்னால், 'என்ன கைராசிடி உனக்கு!' என்று ஒரு நிமிசம் எனக்கே என்மேல் பிரமிப்பு வந்தது.

அந்தப் பிரமிப்போடு குனிந்து முதல் கல்லை எடுத்தேன்.

"ஆஜி! ஹாத் மத் லகாவ்!" என்று கூட்டுகிற அம்மாள் அலறினாள். தொடாதே என்று. ஒரு ஆட்டோ கிறீச்சென்று நின்றது. "பைத்தியம் பிடிச்சிட்டு போல" என்று தமிழில் ஒரு குரல். (செம்பூரில் யாருக்கும் தெரியாமல் மானம் போக வழியில்லை.) கண்ணேறு கழித்த பொருளைக் கழித்தவளே பொறுக்குகிறாள்! தாராவியில் யாராவது பார்த்திருந்தால் என் தொழில் அன்றைக்கே முடிந்தது.

எல்லாம் மடிக்கு வந்தது. ரோஸ் கல் மட்டும் இல்லை.

அந்த ரோடு ஒரு பக்கம் சரிவு. உருண்டிருக்கும் என்று குனிந்தபடியே போனேன். சரிவின் கீழே இளநீர் வண்டி. சக்கரம் உருளாமல் இருக்க அடியில் அண்டை கொடுத்திருந்தது ஒரு கல். ரோஸ் கலர். எலுமிச்சம்பழத்தை விட்டு விலகி வந்ததும் அது வெறும் கல்லாகிவிட்டது, இளநீர்க்காரன் எடுத்துப் போட்டுவிட்டான்.

"பையா, வோ பத்தர் மேரா ஹை!" என்றேன், அந்தக் கல் என்னுடையது என்று.

"பத்தர் கிஸ்கா ஹோத்தா ஹை, மாஜி?" என்று சிரித்தான். கல்லுக்கு ஏதம்மா சொந்தக்காரன் என்று.

"அது நஜர் உதாரின கல்லுப்பா! சௌராஹாவில கொட்டினது!"

கண்ணேறு கழித்துச் சந்தியில் கொட்டினது என்று சொல்லியிருக்கக் கூடாது. வண்டியைப் பிடித்திருந்த கையை, நெருப்பைத் தொட்ட மாதிரி விட்டுவிட்டு அவன் ரெண்டு எட்டுப் பின்னால் குதித்தான். அதே நேரம் நான் கல்லை உருவினேன்.

வண்டி புறப்பட்டது.

நான் சக்கரத்தைப் பிடித்தேன். சக்கரம் என்னைப் பிடித்தது. கொஞ்ச தூரம் இருவரும் சேர்ந்து போனோம். வண்டி ஒரு மின்கம்பத்தில் முட்டி நின்றது. இளநீர் அத்தனையும் சரிந்து, தடதடவென்று ரோட்டில் உருண்டன. நான் ஒரு பள்ளத்துத் தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்திருந்தேன். மடியில் கற்கள், சுற்றி இளநீர்கள், உள்ளங்கையில் ரோஸ் கல். இறுக்கிப் பிடித்திருந்தேன். எவ்வளவு இறுக்கம் என்றால், ரம்யா வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தாள்.

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழுகிறாளா என்று பார்த்தேன். சிரிக்கிறாள்! அழுதுகொண்டே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அந்த வீட்டுக்கு நான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இளநீர்க்காரன் லேசில் விடவில்லை. வண்டிக்கு நஜர் ஒட்டிக்கொண்டது, இறக்கினால்தான் ஆச்சு என்றான். அவன் சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையே வாங்கி, அத்தனை பேர் முன்னால், சேறு சொட்டச் சொட்ட, அந்த வண்டியைச் சுற்றி வந்தேன். ஆட்டோக்காரன் எவனும் எங்களை ஏற்றவில்லை. நடந்தே வீடு வந்தோம்.

ரோஸ் கல்லில் சக்கரத் தடம் பதிந்திருந்தது. பழக்கத்தில் சேலைத் தலைப்பை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கை நின்றது.

"துடைக்கட்டுமாம்மா?"

"மண்ணை மட்டும் அத்தே."

மண்ணை மட்டும் துடைத்தேன். எத்தனை பாத்திரம், எத்தனை வாணலி தேய்த்த கை இது! ஒரு பொருளைச் சுத்தம் பண்ண அவ்வளவு பயந்தது இல்லை. தடம் லேசாக இன்னும் இருக்கிறது. அவள் கழுவவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இளநீர்க்காரன் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைப் பார்க்கமாட்டான், முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பான். இப்போது செங்கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்திருக்கிறான். வீட்டில் நான் குப்பைப் பையை எடுத்தால் போதும், செல்வம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எம்மா, எங்க கல்யாணப் போட்டோ சுவர்ல இருக்கான்னு பாத்துட்டுப் போ" என்பான்.

கீழே இறங்கி கேட்டைத் தாண்டும்போது மேலேயிருந்து ரம்யா குரல் கொடுப்பாள்: "அத்தே! திரும்பிப் பாருங்க!"

பார்க்கிறேன். பையைத் திறந்து காட்டச் சொல்வாள். வெங்காயத் தோலும் முட்டை ஓடும்தான் என்று காட்டினபிறகுதான் போகவிடுவாள்.