தொரைசாணி பக்கத்துக் கதவு

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேல ஒண்ணே ஒண்ணுதான். தொரையோட கார்க் கதவுப் பூட்டச் சரி பண்ணணும்.

எம்பதுகள்ல தெமோதரைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல மேனேஜரா இருந்த பெரிய தொரைக்கு நான் டிரைவர். அவரு கொழும்புல இருந்து ஒரு ஜப்பான் கார் வாங்கிட்டு வந்திருந்தாரு. டிரைவர் கதவுல ஒரு பொத்தான். ஒரு பக்கம் அமுக்குனா நாலு கதவும் பூட்டும், மறுபக்கம் அமுக்குனா நாலும் தொறக்கும். கொழுந்து பறிக்கிற லயத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து வேடிக்க பாத்துச்சு. கார் என்னமோ நான் பெத்த புள்ள மாதிரி நானும் பூட்டிப் பூட்டிக் காட்டுவேன்.

மழை புடிச்சதும் பின்னாடி இடது கதவு மட்டும் சோம்பேறியாயிருச்சு. மத்த மூணும் 'டக்'னு தொறக்கும். இது முனகி, யோசிச்சு, அப்புறமாத்தான் வரும். அது தொரைசாணி உக்கார்ற பக்கம். அவங்க மழையில கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

கராஜுக்கு அனுப்பலாமான்னு தொரை கேட்டாரு. "எதுக்குங்க தொரை, நான் இருக்கேனே"ன்னேன். இந்த வாய் மட்டும் இல்லைன்னா நான் எங்கயோ போயிருப்பேன்.

மறுநாள் காலையில பண்டாரவளையில தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள முடிக்கணும்னு தொரை சொல்லிட்டாரு.

மொதல்ல பேட்டரிதான் கோளாறுன்னு அதக் கழட்டி சார்ஜ் ஏத்துனேன். கதவு அப்பவும் முனகுச்சு. சாவித் துவாரத்துல எண்ணெய் ஊத்துனேன். எண்ணெய் கதவு வழியா எறங்கி தரையில சொட்டுச்சு, பூட்டு அசையல. கடைசியா கதவோட உள்பலகையக் கழட்டிப் பாத்தா, பூட்டத் தள்ளுற குட்டி மோட்டர் கெழடு தட்டிக் கெடந்துச்சு.

பதுளைக்குப் போயி, கார் சாமான் விக்கிற முஸ்லிம் கடைக்கார நானாகிட்ட வேற மோட்டர் வாங்கிட்டு வந்தேன். அதுக்கு ரெண்டு வயர். ரெண்டும் கறுத்துப் போயி ஒரே நிறம். எத எதுல மாட்டுனா என்ன, கரண்டு கரண்டுதானேன்னு மாட்டிட்டேன். ஜன்னல் ஓரத்துல கையால பூட்டித் தொறக்க ஒரு குமிழ் இருக்கும். கழட்டி வச்ச இடம் மறந்துபோச்சு. கரண்டுப் பூட்டுக்குக் குமிழ் எதுக்குன்னு அதையும் விட்டுட்டேன்.

பொத்தான அமுக்குனேன். நாலும் ஒரே சத்தமா 'டக்'. மறுபடி அமுக்குனேன். 'டக்'. தொரைகிட்டப் போட்டுக் காட்டுனேன். முதுகுல தட்டிக் குடுத்தாரு.

காலையில கதவெல்லாம் பூட்டுனபடியே காரப் பங்களா வாசலுக்குக் கொண்டாந்தேன். தொரைசாணி கதவ இழுத்தாங்க, தொறந்துச்சு. ஏறி உக்காந்தாங்க. தொரை முன்கதவ இழுத்தாரு, தொறக்கல. நான் பொத்தான அமுக்குனேன், தொறந்துச்சு. யாருக்கும் சந்தேகம் வரல. எனக்குந்தான்.

மண்டப வாசல்ல மேளம், ஆரத்தித் தட்டு, மாலையோட பெரிய கிளாக்கர். தொரைசாணி கையால குத்துவிளக்கு ஏத்துனதும்தான் தாலின்னு அவரு சொல்லி வச்சிருந்தாரு. தொரை எறங்கி, அத்தன பேரு முன்னாடி மனைவி கதவ மரியாதையா இழுத்தாரு.

வரல.

தொறந்து விடச் சொன்னாரு. தொறந்துதாங்க இருக்குன்னேன். உள்ள இருந்து தொரைசாணியும் இழுத்தாங்க. குமிழ் இருந்த எடத்துல ஒரு ஓட்டை. மறுபக்கமா எறங்கலாம்னா, பக்கத்து சீட் முழுக்கக் கல்யாணப் பரிசு தையல் மெஷின் பொட்டி.

பொட்டிய எறக்கலாம்னு ரெண்டு பேரு வலது பக்கம் ஓடுனாங்க. அந்த நேரம் பாத்து நான் பதட்டத்துல பொத்தான மாத்தி அமுக்கிட்டேன். வலது பக்கக் கதவு பூட்டிக்கிச்சு. தொறக்கச் சொல்லிக் கண்ணாடியத் தட்டுனாங்க. தொறந்தேன். இந்தப் பக்கம் தொரைசாணி மறுபடி கை வைக்கிறதுக்குள்ள அவங்க பக்கம் பூட்டிக்கிச்சு. தட்டுல சூடம் அணைஞ்சு, புதுசா ஒண்ணு வச்சாங்க. நல்ல நேரம் போகுதுன்னு ஐயரு உள்ள இருந்து ஆள் அனுப்புனாரு. மேளக்காரங்க எழுந்து வந்து கார்கிட்ட நின்னு வாசிச்சாங்க.

அப்பத்தான் எனக்கு அந்த ரெண்டு வயரும் மனசுல வந்துச்சு. தலைய வெளிய நீட்டி, கூடிய மட்டும் மெதுவாச் சொன்னேன்.

"தொரை, நான் எல்லாக் கதவையும் பூட்டுனாத்தான் அம்மா கதவு தொறக்கும்."

தொரை கைப்பிடிய விட்டாரு. "அப்ப பூட்டித் தொலை"ன்னாரு.

பூட்டுனேன். தொரைசாணி பட்டுச்சேலையச் சரி பண்ணிக்கிட்டு எறங்கிப் போனாங்க. விளக்கு எரிஞ்சுது, தாலியும் நேரத்துக்கு ஏறுச்சு. நான் உள்ள போகல. காரப் பூட்டுனா அந்தக் கதவு தொறந்து கெடக்கும், தொறந்தா மத்த மூணும் தொறந்து கெடக்கும். பந்திச் சாப்பாட்டு வாசனைய மோந்துக்கிட்டே காவல் இருந்தேன்.

மறுநாள் ரெண்டு வயரையும் மாத்தி மாட்டுனேன். பிளேன்டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. குமிழ் மட்டும் கெடைக்கல. இப்ப நல்லா இருக்கு, வந்து பாருங்கம்மான்னு தொரைசாணியக் கூப்புட்டேன்.

"நீ உள்ள உக்காந்து காட்டு"ன்னாங்க.

பின்னாடி, குமிழ் இல்லாத அவங்க பக்கத்துல உக்காந்தேன். டிரைவர் சீட்டுல இருந்து தொரை பொத்தான அமுக்குனாரு. நாலும் அருமையாப் பூட்டுச்சு. அவரு தன் கதவுக் குமிழ மட்டும் தூக்கி எறங்கி, சாவியப் போட்டு அதையும் பூட்டிட்டு, டீ குடிக்க பங்களாவுக்குள்ள போயிட்டாரு.