மாடியில் ஒரு வீடு இருந்தது

வரி போட வருகிறவரிடம் நியாயம் பேசலாம், பெருமை பேசக் கூடாது. இது தெரியாமலேயே எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது.

திண்டிவனத்தில் எங்கள் கட்டடத்தின் கீழே என் மனைவி செல்வியின் தையல் கடை. மாடி, ஆவணப்படி, எங்கள் வீடு. சொத்துவரிக் கணக்கை நான் ஒரே மதியத்தில் கற்றுத் தேர்ந்தேன்: தெருவைப் பொறுத்துச் சதுர அடிக்கு ஒரு விகிதம், வீடென்றால் குறைவு, கடையென்றால் அதிகம். (பி.காமை மூன்றாவது தடவையில் பாஸ் செய்தவனுக்கு இது போதாதா?) கடையை அளந்தேன். நகராட்சி அனுப்பிய வரி நோட்டீஸில் பத்துச் சதுர அடி கூடுதலாக இருந்தது.

"பத்து அடிதானே, வுடுங்க," என்றாள் செல்வி.

"அடி இல்ல செல்வி, நீதி!" என்றேன். (அப்போதெல்லாம் அப்படித்தான் பேசுவேன்.)

மனு கொடுத்தேன். நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்து பொறுமையாக அளந்தார்.

"நீங்க சொன்னது கரெக்டு சார். கம்மி பண்ணிடறேன்."

அத்தோடு மோர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கிளம்பும்போது அவர் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டார். "ஆரி ஒர்க் சூப்பரா இருக்குதே! எங்க போடறீங்க?"

"மாடியிலதான் மேடம், வந்து பாருங்க!"

செல்வி இருமினாள். "தண்ணி குடி," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

ஹாலில் துணியை இழுத்துக் கட்டிய நான்கு ஆரிச் சட்டங்கள். ஓமந்தூரிலிருந்து வரும் ஆறு பெண்கள் குனிந்து மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையறையில் துணி மூட்டைகள்.

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"படுக்க ஏது மேடம் எடம்? மொட்ட மாடியிலதான். இத்த யாராச்சும் வீடுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார்," என்றார். டேப்பை மறுபடியும் பிரித்தார்.

கடையில் பத்தடி குறைந்தது. மாடியில் அறுநூறு அடி கடையானது. செல்வி வாங்கவிருந்த புதுத் தையல் இயந்திரம் அந்த வருடம் வரவில்லை. மூன்று நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "மொட்ட மாடிய ஏன் அளக்காம வுட்டாங்க? நீங்க கூட்டிக்கினு போவலியா?"

அன்றிலிருந்து யாராவது நோட்டும் பேனாவுமாக வந்தால் என்னைப் பால் வாங்க அனுப்பிவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியல்காரர் என்னைப் பார்த்ததே இல்லை. போன மாதம் மகளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். நோட்டு எதுவும் கொண்டுவரவில்லை. ஆனாலும் என் கையில் பையைக் கொடுத்துவிட்டாள் செல்வி.

"பொண்ணோட அப்பா எங்கம்மா?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டாராம்.

"பால் வாங்கப் போயிருக்காருங்க," என்றாளாம் என் மகள்.

"எப்ப வருவாரு?"

"நீங்க கெளம்பினதும் வந்துடுவாருங்க."